மாயமும் நியாயமும்

கதை வகைகளுள் துப்பறியும் கதைக்கு ஒரு தனி இயல்பு உண்டு. அதில் ஒரு குற்றம் நிகழ்கிறது. செய்தவர் மறைந்து நிற்கிறார். அறிவுடையார் ஒருவர் சிறு சிறு தடயங்களைக் கோத்து உண்மையை வெளிப்படுத்துகிறார். பூட்டிய அறைக்குள் கொலைஞன் புகுந்தான் என்றால், எவ்வாறு புகுந்தான் என்பதை ஆசிரியர் காட்டியே தீரவேண்டும். மந்திரத்தால் புகுந்தான் என்று கூறினால், படிப்பவர் நூலை மூடிவிடுவார். இளையோர்க்குரிய மாயக்கதையின் இயல்போ வேறு. அங்கே குதிரை பறக்கும், மரம் பேசும், வாள் ஒளி வீசி வழி காட்டும். இவ்விரு வகைகளும் ஒன்றற்கொன்று பகை என்றே பலரும் கருதுவர். ஆயினும், முன்னதில் புகழ்பெற்ற எழுத்தாளர் சிலர் பின்னதையும் எழுதியுள்ளனர். அத்தகைய நூல்களை நான் விரும்பிப் படிப்பதுண்டு. அவற்றுள் இரண்டினைப் பற்றி ஈண்டுக் கூற விழைகிறேன்.

ஆங்கில எழுத்தாளர் பீட்டர் டிக்கின்சன் 1927 முதல் 2015 வரை வாழ்ந்தவர். பெரியோர்க்கென அவர் எழுதிய முதல் துப்பறியும் நாவலும், இளையோர்க்கென எழுதிய முதல் மாயக்கதையும் 1968ஆம் ஆண்டிலேயே வெளிவந்தன. நாவலின் இடையே வழி தெரியாது அவர் நின்றுவிட்ட காலத்தில் கண்ட ஒரு கனவே மாயக்கதைக்கு வித்தாயிற்று. அக்கதையில் இங்கிலாந்து மக்கள் திடீரென எந்திரங்களை வெறுக்கத் தொடங்குகின்றனர். அண்ணனும் தங்கையுமாகிய இரு சிறுவர், அதன் காரணத்தைத் தேடிப் புறப்படுகின்றனர். பழங்கதைகளில் வரும் மெர்லின் என்னும் மந்திரவாதியை ஒருவன் துயிலெழுப்பி, மயக்க மருந்துக்கு அடிமையாக்கி வைத்திருப்பதே அக்காரணம் என்று கண்டறிகின்றனர். இக்கதையில் மாயம் உண்டு. ஆனால் காரணமற்ற மாயம் இல்லை. மந்திரத்தின் பின்னும் ஒரு மனிதனுடைய செயல் நிற்கிறது. துப்பறியும் நாவல் எழுதிய கை அதுவென்பது விளங்குகிறதன்றோ!

மற்றொருவர் ஜப்பானிய எழுத்தாளர் மியாபெ மியுகி அம்மையார். 1960இல் டோக்கியோவில் பிறந்த இவர், இளமையில் வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் பணியாற்றியவர். 1992இல் வெளிவந்த இவருடைய நாவல் ஒன்று, கடன் சுமையால் நொறுங்கிய வாழ்வுகளையும், பிறர் பெயரைத் திருடி வாழ முயன்ற ஒரு பெண்ணையும் காட்டுவது. இவரே 2003இல் 'பிரேவ் ஸ்டோரி' என்னும் மாயக்கதையை வெளியிட்டார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, 2008இல் அமெரிக்காவின் பாட்செல்டர் பரிசைப் பெற்றது.

அக்கதையின் தலைவன் வதாரு என்னும் பள்ளிச் சிறுவன். அவன் தந்தை குடும்பத்தைத் துறந்து செல்கிறார். தன் விதியை மாற்றிக்கொள்ள விரும்பிய வதாரு, மாய உலகம் ஒன்றில் புகுகிறான். ஐந்து மணிகளைத் தேடிச் சேர்த்து விதிக் கோபுரத்தை அடைந்தால், அங்குள்ள தெய்வம் ஒரே ஒரு வரம் அருளும். மித்சுரு என்னும் மற்றொரு சிறுவனும் அதே வழியில் செல்கிறான். கொடியதொரு குற்றத்தில் மாண்ட தன் சிறு தங்கையை மீட்பதே அவன் நோக்கம். அதற்காக அவன் எதிர்ப்பட்டவற்றையெல்லாம் அழித்துச் செல்கிறான். இறுதியில் அழிவு அவனையே பற்றுகிறது. வதாருவோ தான் பெற்ற வரத்தைத் தன் இல்லத்திற்காகக் கேட்கவில்லை. அழியவிருந்த அம்மாய உலகைக் காக்கவே கேட்கிறான். அவன் தந்தை திரும்பி வரவில்லை.

என் தமையனார் காலமான மறு ஆண்டு, அவர் மகள் கோடை விடுமுறையில் எம் இல்லத்தில் தங்கினாள். அவளுக்கு அப்போது வயது பன்னிரண்டு. இறந்தவர் உயிர்பெற்று எழும் கதைகளையே அவள் ஓயாது தேடிப் படித்து வந்தாள். நான் ஒவ்வொரு மாலையும் இந்நூலின் ஒரு பகுதியைத் தமிழில் சொல்லி வந்தேன். கதை முடிந்த அன்று அவள் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "சித்தப்பா, வதாரு தன் வீட்டுக்காக வரம் கேட்டிருந்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்கும், ஆனால் கதையை நம்பியிருக்க மாட்டேன்" என்றாள். மறுநாள் தன் தந்தையின் இறுதி நாட்களைப் பற்றி முதன்முறையாக என்னிடம் வினவினாள். நான் அறிந்தவற்றை ஒளியாமல் கூறினேன்.

அவள் கூறிய சொல்லை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. நேர்ந்ததை நேராததாக ஆக்க இயலாது என்பது துப்பறியும் கதையின் அடிப்படை. குற்றவாளி பிடிபடலாம், மாண்டவர் மீளார். அவ்வுண்மையோடு பழகிய எழுத்தாளர், மாய உலகிற்குள் புகுந்தாலும் அதனை விட்டுவிடுவதில்லை. எனினும் அங்கே வினா மாறுகிறது. "இதைச் செய்தவர் யார்?" என்று பெரியோர் நாவல் கேட்கிறது. "இது நேர்ந்துவிட்டது, இனி நான் செய்யவேண்டுவது யாது?" என்று இளையோர் கதை கேட்கிறது. முதல் வினாவிற்கு ஆசிரியரே விடை கூறிவிடுவார். இரண்டாவது வினாவிற்கு விடை காணவேண்டியவர் படிப்பவரே.

மாணவர்களே, கற்பனை நூல்களை அஞ்சாது படியுங்கள். பறக்கும் குதிரையைக் கண்டு மகிழுங்கள். ஆனால், அக்குதிரை உங்களை எங்கே கொண்டு சேர்க்கிறது என்பதையும் நோக்குங்கள். துயரத்தை மறக்கச் செய்யும் கதை ஒரு பொழுதிற்கு இனிமை தரும். துயரத்தோடு வாழக் கற்பிக்கும் கதையோ நெடுநாள் துணை நிற்கும்.