கம்பளத்துக்கு எழுதிய கணக்கு

உங்கள் இல்லத்து அலமாரியின் மேல்தட்டில், வெளிநாட்டிலிருந்து வந்த ரிமோட் கார் ஒன்று ஓடாமல் உறங்கிக் கொண்டிருக்கிறதா? "வாங்கியவர் ஏமாந்து விட்டார், நம் ஊர் மண்ணில் இது ஓடாது" என்று முடிவு கட்டி விட்டீர்களா? நானும் அப்படி முடிவு கட்டியவன்தான். மதரஸாவில் ஓதிக் கொடுக்கும் எனக்கு இயந்திரங்களைப் பற்றி எதுவும் தெரியாது. கல்லூரியில் படித்ததோ வரலாறு. திருகாணியை எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் என்பதையே யோசித்துச் சொல்கிறவன்.

என் தங்கையின் கணவர் வளைகுடா நகரொன்றில் கிடங்குக் கணக்கராகப் பணியாற்றியவர். அங்கேயே திடீரென வஃபாத்தாகி விட்டார். சில வாரங்கள் கழித்து அவருடைய உடைமைகள் ஓர் அட்டைப் பெட்டியில் வந்து சேர்ந்தன. சட்டைகள், கைக்கடிகாரம், குடும்பப் படம். எல்லாவற்றுக்கும் அடியில், பழைய கைலியில் சுற்றிய பந்தயக் கார். அசல் வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவு. எடை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. பின்சக்கரங்கள் இரண்டும் மோட்டாரால் சுழல்பவை. இந்த வகையை 'பக்கி' என்கிறார்கள். விடுமுறை நாட்களில் ஒரு கூடத்தின் உள்ளே கம்பளம் விரித்த தளத்தில் அவர் இதை ஓட்டி வந்தார் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மனைவியிடம்கூட அவர் சொன்னதில்லை. வீட்டுக்கு அனுப்பும் பணத்தில் குறை வைக்காத மனிதர், தமக்கென்று வைத்துக் கொண்ட ஒரே ஆசை போலும்!

"காக்கா, இதை யாருக்காவது கொடுத்திடுங்க. பார்க்கப் பார்க்க மனசு தாங்கலை" என்றாள் தங்கை. ஆனால் அவள் மகன், பதின்மூன்று வயதுப் பிள்ளை, காரை மடியில் வைத்துக் கொண்டு எழுந்திருக்க மறுத்து விட்டான்.

பெட்டியில் பேட்டரி இல்லை. உதிரியாக உள்ள லித்தியம் பேட்டரியை விமானத்தில் சரக்குப் பெட்டியில் போட அனுமதி கிடையாது. கைப்பையில்தான் எடுத்து வர வேண்டும். ஊர் திரும்பும் சகோதரர்கள் இதைக் கவனத்தில் கொள்க. சென்னையிலிருந்து 7.4 வோல்ட் பேட்டரி ஒன்றை வரவழைத்தேன். அஸர் தொழுகைக்குப் பின் ஊர்த் திடலுக்குப் போனோம். திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மண்ணை அறிந்தவர்களுக்கு அந்தத் திடலை விளக்க வேண்டியதில்லை. அடியில் இறுகிய செம்மண். மேலே ஒரு விரற்கடை உயரத்துக்குப் பொடிமண்.

கார் பத்தடி கூடப் போகவில்லை. பின்சக்கரங்கள் வெறுமனே சுழன்றன. வண்டி தன்னைத்தானே சுற்றிக் கொண்டது. வயிறு மண்ணில் உரசியது. கால் மணி நேரத்தில் மோட்டார் தொட முடியாதபடி சுட்டது. வேடிக்கை பார்த்த பிள்ளைகள் சிரித்தார்கள். மருமகன் யாரிடமும் பேசாமல் காரைத் தூக்கிக் கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

காருடன் மடித்த தாள் ஒன்றும் இருந்தது. அதில் மச்சானின் கணக்கர் கையெழுத்தில் வரிசையாக எண்கள்: தரை உயரம் 17 மில்லிமீட்டர், ஷாக் அப்சார்பர் எண்ணெய் முன்னே 40, பின்னே 35, பினியன் 28 பல். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருடன் ஒரே அறையில் தங்கியிருந்த நண்பரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் முதலில் கேட்டது ஒரே கேள்விதான்: "உங்க திடல் எப்படிப்பட்ட தரை?"

வாசகர்களே, காரைப் பற்றிய எல்லாமே அந்தக் கேள்வியில் அடங்கியிருந்தது. கம்பளம் டயரை இறுகப் பற்றும். அங்கே வண்டி வேகமாகத் திரும்பும்போது கவிழ்ந்து விடும் என்பதே அச்சம். ஆகவே வண்டியைத் தாழ்த்துகிறார்கள், கெட்டியான எண்ணெய் ஊற்றுகிறார்கள், குட்டையான புள்ளிகள் கொண்ட டயர் மாட்டுகிறார்கள். பொடிமண்ணிலோ பிடிப்பே கிடைக்காது. அங்கே புள்ளிகளின் இடுக்கை மண் நிரப்பி விட, டயர் வழுவழுப்பாகி விடுகிறது. நீண்ட முள் கொண்ட டயர்தான் பொடியைக் குத்திக்கொண்டு போய் அடியில் உள்ள கெட்டித் தரையைப் பிடிக்கும். அதே முள் டயரைச் சிமெண்டுத் தரையில் ஓட்டினால் சில நாட்களில் முள் தேய்ந்து மொட்டையாகி விடும். இந்த வண்டிகள் தொடக்கத்தில் மண்ணுக்காகவே பிறந்தவை. ஜப்பானின் தமியா நிறுவனம் 1984இல் வெளியிட்ட 'கிராஸ்ஹாப்பர்' பக்கியின் பின்டயர்கள் முள் டயர்களே.

"டயரை மாற்றுவோம் தம்பி" என்றேன்.

"வேணாம் மாமா. வாப்பா வச்ச மாதிரியே இருக்கட்டும்" என்றான்.

வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை. பல நாட்கள் கழித்து அதே நண்பர் அவனிடமே பேசினார். டயர் சக்கர வளையத்தோடு பசையால் ஒட்டப்பட்டது. ஆகவே சக்கரத்தோடு கழற்றினால் வாப்பா ஒட்டிய நான்கும் அப்படியே இருக்கும் என்றார். எந்த எண்ணை மாற்றினாலும் பழைய எண் தாளில் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் போகலாம் என்றார். அதன் பிறகுதான் பையன் இசைந்தான்.

புதிய சக்கரங்களை வாங்கியதில் பிழை செய்தவன் நான். நான்கு சக்கரமும் சுழலும் வண்டிக்கான அகலமான முன்டயர்களை வாங்கி விட்டேன். எங்கள் வண்டிக்கு ஒடுங்கிய, கோடு கோடாக வரம்பு வைத்த முன்டயர் வேண்டும். பணம் வீணாயிற்று. நீங்கள் புதிதாகக் கார் வாங்குவதாக இருந்தால் நிறத்தையும் வேகத்தையும் பார்க்காதீர்கள். டயர், கியர், ஸ்பிரிங் ஆகியவை தனித்தனியே கிடைக்குமா என்று மட்டும் கேளுங்கள். கிடைக்காதது விளையாட்டுச் சாமான். ஒரு பல் உடைந்தால் குப்பைக்குத்தான்.

எண்ணெய்தான் கடினமாக இருந்தது. மண்ணுக்கு முன்னே 30, பின்னே 25 என்ற இளகிய எண்ணெய் வேண்டும். அப்போதுதான் சக்கரம் பள்ளம் மேட்டில் தரையை விடாமல் ஏறி இறங்கும். பழையதைக் கொட்டப் போனேன். பையன் என் கையைப் பிடித்துக் கொண்டான். உள்ளே போய் ஒரு காலி அத்தர்க் குப்பியை எடுத்து வந்தான். நான்கு ஷாக் அப்சார்பர்களிலும் இருந்ததைச் சொட்டுச் சொட்டாக அதில் வடித்து மூடினான். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் திருகாணிகளைத் துடைத்துக் கொண்டிருந்தேன்.

ஒரு மாலைக்கு ஒரு மாற்றம் என்று வைத்துக் கொண்டோம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது அல்லவா? ஷாக் அப்சார்பரில் உள்ள வளையத்தைத் திருகி உயரத்தை 23 மில்லிமீட்டர் ஆக்கினோம். வயிறு உரசுவது நின்றது. பேட்டரியைப் பின்னால் தள்ளி வைத்தோம். சுழலும் சக்கரங்கள் மேல் பாரம் கூடியது. பினியனை 25 பல்லுக்குக் குறைத்தோம். உச்ச வேகம் சற்றுக் குறைந்தது, மோட்டாரின் சூடு தணிந்தது. ஆறாம் நாள் கார் செம்புழுதி கிளப்பியபடி திடலை முழுதாகச் சுற்றி வந்தது. கடற்கரைக்கு மட்டும் நான் விடுவதில்லை. உப்பு மணல் பேரிங்கிலும் கியரிலும் புகுந்தால் வண்டி பாழ்.

சென்ற மாதம் எங்கள் உறவில் ஒரு நிகாஹ். மண்டபத்தில் பச்சைக் கம்பளத்தை இழுத்து ஒட்டியிருந்தார்கள். மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் மருமகன் என்னை எழுப்பினான். இரவே வாப்பாவின் சக்கரங்களை மாட்டி, தாளைப் பார்த்து 17, 40, 35, 28 என்று எல்லாவற்றையும் திருப்பி வைத்திருந்தான். எண்ணெய் மட்டும் புதிது. குப்பியில் இருந்தது அழுக்காகி விட்டதாம்.

நாற்காலிகள் அடுக்கப்பட்ட வெற்று மண்டபம். கார் கம்பளத்தில் இறங்கியது. திடலில் தடுமாறிய அதே வண்டி, நூல் பிடித்தாற்போல் தூண்களை வளைந்து வளைந்து வந்தது, சறுக்கவில்லை, கவிழவில்லை. திரும்பிப் பார்த்தேன். தங்கை வாசலில் முக்காட்டின் நுனியைக் கடித்தபடி நின்றிருந்தாள்.

"இப்படித்தான் ஓட்டியிருப்பாக, இல்லையா காக்கா?" என்றாள்.

பந்தல்காரர்கள் கம்பளத்தைச் சுருட்ட வந்து விட்டார்கள். பையன் இன்னும் இரண்டு சுற்று மட்டும் என்று அவர்களிடம் கெஞ்சிக் கொண்டிருந்தான்.