எரகானும் நான் செஞ்ச சொதப்பலும்

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம் மக்களே, அதான் ரொம்ப நாளா எதுவும் எழுதல. ஆனா பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப நடந்த ஒரு விஷயம் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. எழுதினாலாவது குறையுதான்னு பாக்கறேன்.

அக்கா பையன் ஏழாவது படிக்கிறான். திருச்சி வீட்டுப் பரண்ல ஏறி என் பழைய புத்தக மூட்டையைப் பிரிச்சவன், நீலக் கலர்ல ட்ராகன் மூஞ்சி போட்ட ஒரு தடிப் புத்தகத்தோட இறங்கி வந்தான். "மாமா, இது நல்லாருக்குமா?"

நல்லாருக்குமாவா! டேய், அது எரகான்டா!

இப்ப லைட்டா கொசுவத்தி சுத்திக்கறேன். அஞ்சாவது வரைக்கும் நான் தமிழ் மீடியம். அதுக்கப்புறம் இங்கிலீஷ் மீடியத்துல கொண்டுபோய்ப் போட்டாங்க. அங்க வாயைத் திறக்கவே பயம். 2010-ல, எட்டாவது படிக்கறப்ப, புத்தகக் கண்காட்சியில அட்டையைப் பாத்து மயங்கி, அப்பாகிட்ட அழுது வாங்கினது இது. முழுசா படிச்சு முடிச்ச முதல் இங்கிலீஷ் நாவல். 500 பக்கம்! தெரியாத வார்த்தைக்கெல்லாம் டிக்‌ஷனரி பாத்து ஓரத்துல பென்சில்ல தமிழ் அர்த்தம் எழுதுவேன். ட்ராகனைத் தொட்டதும் ஹீரோ உள்ளங்கையில வெள்ளி மாதிரி ஒரு தழும்பு வரும். அதை ஜெல் பேனாவால என் கையில வரைஞ்சு கணக்கு வாத்தியார்கிட்ட அடி வாங்கியிருக்கேன். எழுதின கிறிஸ்டோபர் பாவோலினி அதை ஆரம்பிச்சப்ப அவருக்கு வயசு 15-ங்கறது வேற. அமெரிக்காவுல மொன்டானா மாகாணம், பள்ளிக்கூடம் போகாம வீட்லயே படிச்ச பையன். அப்பா அம்மா 2002-ல சொந்தமா அச்சடிச்சுக் குடுக்க, இவரு அந்தக்கால ராஜா ராணிக் கதை டிரஸ்ஸைப் போட்டுக்கிட்டு ஊர் ஊரா ஸ்கூல், லைப்ரரின்னு போய் வித்திருக்காரு. கார்ல் ஹயாசன்ங்கற எழுத்தாளரோட வளர்ப்பு மகன் கையில அது மாட்டி, அவனுக்குப் பிடிச்சுப்போயி, 2003-ல பெரிய பதிப்பகம் போட்டு, அப்புறம் உலகம் பூரா ஓடுச்சு. (2006-ல படமா வந்ததைப் பத்திப் பேச வேணாம். அவ்வ்வ்வ்.)

சரி, கொசுவத்தி ஓவர். அந்த ஒரே காப்பியைப் பகல்ல அவன் படிப்பான், அவன் தூங்கினப்புறம் நான் எடுத்துப்பேன். அவனோட அடையாளம் பஸ் டிக்கெட்டு, என்னோடது சோப்பு அட்டை. ரெண்டாவது நாள் ராத்திரியே எனக்கு லேசா வயித்தைக் கலக்க ஆரம்பிச்சிடுச்சு.

மாமா வீட்ல வளர்ற விவசாயப் பையன். கொடுங்கோல் பேரரசு. மாமாவை அதோட ஆளுங்க கொன்னுடறாங்க. ஊர்ல கதை சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச கிழவர் உண்மையில அந்தக்கால வீரர். சிறையில இருக்கற இளவரசியைக் காப்பாத்தி, புரட்சிக்காரங்க ஒளிஞ்சிருக்கற இடத்துக்குக் கொண்டு போகணும். அடப்பாவி, 1977-ல வந்த ஸ்டார் வார்ஸுக்கு ட்ராகன் வேஷம் போட்டிருக்கான்! குஞ்சு பொரிச்சதுமே மனுஷனோட மனசால ஒட்டிக்கற ட்ராகன், 1968-லயே ஆன் மெக்காஃப்ரி எழுதினது. உண்மைப் பேர் தெரிஞ்சா அந்தப் பொருளே வசப்படும்ங்கற மந்திரம், அதே 1968-ல உர்சுலா லெ குவின் எழுதின எர்த்ஸீ கதையில இருக்கு. குள்ளர்களும் எல்ஃப்களும் யாரு வீட்டுச் சொத்துன்னு சொல்லவே வேணாம். டிராகன்ல ஒரு எழுத்தை மாத்தினா எரகான். சீனியர் ப்ராஜெக்ட்ல வேரியபிள் பேரை மட்டும் மாத்தி சப்மிட் பண்ண எனக்கு இதைப் பேச அருகதை இல்லதான், ஆனா கண்ணுக்குத் தெரிஞ்சுடுச்சே.

கதையைக் கூட மன்னிச்சிடலாம். நடைதான் தாங்கல. சூரியன் மறையணும்னா அரைப் பக்கம். ஒரு பொருள்னா அதுக்கு ரெண்டு அடைமொழி. எங்க சண்டை முத்துதோ அங்க ஹீரோ மயக்கம் போட்டுடுவான், முழிச்சா வேற இடம். அந்த எல்ஃப் இளவரசி ஆர்யா, எட்டாவதுல என்னைத் தூங்க விடாதவங்க, பாதிக் கதைக்கு விஷம் ஏறி நினைவில்லாமலே கிடக்கறாங்க! இத எப்படி அன்னிக்குக் கவனிக்காம விட்டேன்?

ஒண்ணு மட்டும் இப்பவும் பிடிச்சுது. மந்திரம் இதுல ஓசி கிடையாது. ஒரு வேலையைக் கையால செஞ்சா எவ்வளவு சக்தி போகுமோ, மந்திரத்தால செஞ்சாலும் அவ்வளவு போகும். அளவு மீறினா உயிர் போயிடும். பாலைவனத்துல மண்ணுக்குள்ள இருந்து தண்ணியை வரவழைக்கற இடத்துல இதை நல்லாவே பயன்படுத்தியிருக்காரு.

இப்ப சொதப்பலுக்கு வர்றேன். மூணாவது நாள் மத்தியானம், சாப்பிட்டுக்கிட்டே பையன் சொன்னான், "மாமா, பிரோம் தாத்தா செம கெத்து மாமா."

ராத்திரி பூரா படிச்ச கடுப்பு எனக்கு. "அவரா? செத்துடுவாருடா. இந்த மாதிரிக் கதையில கத்துக் குடுக்கற கிழவன் செத்தே ஆகணும். எல்லாம் சுட்ட கதை."

அவன் ஒண்ணும் சொல்லல. சாப்பிட்டு முடிச்சான், கை கழுவினான், அம்மா போனை எடுத்துக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டான். புத்தகம் சோபாவுல கவுந்து கிடந்துச்சு. அக்கா தட்டை எடுத்துக்கிட்டே, "மூணு நாளா அவன் போனே கேக்கலடா, கவனிச்சியா?"ன்னா. திட்டியிருந்தா கூட பரவால்ல. (பிரோம் விஷயத்தை உங்ககிட்டயும் போட்டு உடைச்சதுக்கு மன்னிச்சுக்கங்க.)

அன்னிக்கு ராத்திரி அந்த இடத்தைப் படிச்சேன். குத்துப்பட்டுக் கிடக்கறாரு, குகையில உயிர் போகுது, கல்லறையை சஃபிரா வைரமா மாத்துது. எட்டாவதுல தலகாணியை நனைச்ச இடம். இப்ப ஒரு சொட்டுக் கூட வரல, வசனம்தான் கண்ணுல பட்டுது.

அப்புறம்தான் ஓரத்தைப் பாத்தேன். முன்னாடி பக்கமெல்லாம் என் பென்சில் கிறுக்கல். 'ஸ்கேபர்டு'ங்கறதுக்குப் பக்கத்துல 'ஏதோ போர்டு'ன்னு எழுதியிருக்கேன், வாளோட உறைங்க அது! இன்னிக்கு என்னைக் கடுப்பேத்தின அடைமொழிங்க ஒண்ணு விடாம கோடு போட்டு, அர்த்தத்தோட. ஆனா பிரோம் சாகற அந்தப் பக்கங்கள்ல ஒரு குறி கிடையாது. அதுலயும் தெரியாத வார்த்தை இருந்திருக்கும்தான். எழுந்து போய் டிக்‌ஷனரி எடுக்கல நான், அவ்வளவுதான்.

ஊருக்குக் கிளம்பறப்ப புத்தகத்தை ஒண்ணும் சொல்லாம அவன் மேஜையில வச்சேன். பஸ் டிக்கெட்டு இருந்த இடத்துலயே இருந்துச்சு.

பெங்களூர் வந்து பத்து நாளாச்சு. நேத்து மீட்டிங் நடுவுல அக்கா நம்பர்ல இருந்து ஒரு வாட்ஸ்அப். "மாமா இந்த ட்ராகன் கடைசி வரைக்கும் நெருப்பே கக்காதா?"

எனக்கு பதில் தெரியும். உங்களுக்கும் சொல்ல மாட்டேன். "படிடா"ன்னு மட்டும் அனுப்பினேன். நீல டிக் விழுந்துச்சு. இன்னும் பதில் வரல.