எரியாத ஒயர் போதுமா?

எங்கள் குடியிருப்பு கட்டி 17 வருஷம் ஆகிறது. வேளச்சேரியில் தரைத்தளமும் ஒன்பது மாடியும், மொத்தம் 64 வீடுகள். பில்டர் வைத்துக் கொடுத்த தீ எச்சரிக்கை மணி ஐந்தாறு வருஷமாகவே சரியில்லை. பேனலில் எப்போது பார்த்தாலும் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். கண்ணை உறுத்துகிறது என்று வாட்ச்மேன் அதன் மேல் ஒரு காலண்டரைத் தொங்கவிட்டிருந்தார். இந்த வருஷம்தான் சங்கத்துக்கு ரோஷம் வந்து எல்லாவற்றையும் மாற்றிவிடுவது என்று முடிவானது. முப்பத்தைந்து வருஷம் மின்சார வேலையிலேயே காலம் தள்ளியவன் என்பதால், கொட்டேஷன்களைப் பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

மூன்று பேர் கொடுத்திருந்தார்கள். பேனல், ஸ்மோக் டிடெக்டர், ஹூட்டர் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே விலைதான். கேபிள் என்ற ஒரு வரியில்தான் வித்தியாசம். இரண்டு பேர் 'எஃப்.ஆர். 2 கோர் 1.5 ஸ்கொயர்' என்று எழுதி மீட்டருக்கு 75 ரூபாய் போட்டிருந்தார்கள். மூன்றாமவர் அதே சைஸில் 'ஃபயர் சர்வைவல்' என்று எழுதி 220 ரூபாய் போட்டிருந்தார். மொத்தம் 700 மீட்டர். எங்கள் பொருளாளர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். கால்குலேட்டரைத் தட்டி, "வீட்டுக்கு ஏறக்குறைய 1,600 ரூபாய் அதிகம் சார். எஃப்.ஆர். என்றாலே ஃபயருக்குத்தானே? அதற்கு மேல் எதற்கு இன்னொன்று?" என்றார்.

நியாயமான கேள்வி. இந்தக் குழப்பம் பொருளாளருக்கு மட்டுமல்ல, இதே தொழிலில் இருக்கிற பலருக்கும் உண்டு.

எஃப்.ஆர். என்று நம் கடைகளில் விற்கும் ஒயர் தீயைப் பரவவிடாத ஒயர். அதன் பிவிசி உறை நெருப்பு பட்டால் எரியும். நெருப்பை எடுத்தால் தானாக அணைந்துவிடும். ஒயர் வழியாகத் தீ ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகாது. எஃப்.ஆர்.எல்.எஸ். என்றால் இதோடு புகையும் கொஞ்சம் குறைவு. வீட்டு வயரிங்குக்கு இவை நல்ல சரக்கு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் தீக்குள் இருக்கும்போது அந்த ஒயர் வேலை செய்யும் என்று அதில் யாரும் உத்தரவாதம் தரவில்லை.

ஃபயர் சர்வைவல் கேபிள் வேறு ஜாதி. செம்புக் கம்பியின் மேல் முதலில் மைக்கா டேப் சுற்றியிருப்பார்கள். மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறை முழுதும் எரிந்து சாம்பலானாலும் இந்த மைக்கா நின்று இரண்டு கம்பிகளையும் ஒன்றோடு ஒன்று தொடவிடாமல் பிரித்து வைக்கும். இதற்கு பி.எஸ். 6387 என்ற பிரிட்டிஷ் தரத்தில் மூன்று எழுத்துகள் உண்டு. சி என்றால் 950 டிகிரியில் 3 மணி நேரம். டபிள்யூ என்றால் 650 டிகிரி நெருப்போடு தண்ணீர் தெளிப்பு. இசட் என்றால் 950 டிகிரி நெருப்போடு சுத்தியல் மாதிரி அடி. தீயணைப்பு வண்டி தண்ணீர் அடிக்கும், கூரை இடிந்து விழும் என்பதையெல்லாம் யோசித்துத்தான் இந்த மூன்றையும் வைத்திருக்கிறார்கள். கேபிள் வாங்கும்போது மேலே அச்சடித்திருப்பதில் இந்த எழுத்துகளைத் தேடிப் பாருங்கள். கடைக்காரர் வாயால் சொல்வதை நம்ப வேண்டாம்.

சங்கக் கூட்டத்தில் ஒரு கான்ட்ராக்டரின் சூபர்வைசர் தம்பி எஃப்.ஆர். ஒயர்த் துண்டு ஒன்றைக் கையில் பிடித்து லைட்டரால் கொளுத்திக் காட்டினார். லைட்டரை எடுத்ததும் தீ அணைந்தது. "பாத்தீங்களா சார், எரியாது சார்!" கை தட்டினார்கள். இந்த வித்தையை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அவர் காட்டியது பொய்யில்லை. நமக்கு வேண்டிய கேள்விக்கு அது பதிலும் இல்லை.

மறுநாள் சாயங்காலம் பொருளாளரையும் அந்தத் தம்பியையும் மொட்டை மாடிக்குக் கூப்பிட்டேன். (வீட்டுக்குள் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம். பிவிசி எரியும் புகையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வரும்.) ஒரு மீட்டர் எஃப்.ஆர். கேபிளின் ஒரு முனையில் 9 வோல்ட் பேட்டரி, மறுமுனையில் ஒரு சின்ன பஸ்ஸர். நடுப்பகுதியைச் சின்ன சிலிண்டர் அடுப்பின் மேல் வைத்தோம். உறை கொப்பளித்தது, கறுத்தது, ஒழுகியது. ஒன்றேகால் நிமிஷத்தில் பஸ்ஸர் நின்றுவிட்டது. உறை உருகி இரண்டு கம்பியும் ஒட்டிக்கொண்டன, அவ்வளவுதான். அடுப்பை அணைத்தோம். தம்பி சொன்னபடியே ஒயரில் தீ தானாக அணைந்தது.

அடுத்தது மைக்கா கேபிள். சிவப்பு உறை வெள்ளைச் சாம்பலாக உதிர்ந்தது. உள்ளே டேப் தெரிந்தது. பஸ்ஸர் கத்திக்கொண்டே இருந்தது. இருபது நிமிஷம் பார்த்துவிட்டு, காஸ் வீணாகிறதே என்று நானே நிறுத்தினேன். இது சோதனைச்சாலைப் பரிசோதனை இல்லை, அடுப்பின் சூடு எத்தனை டிகிரி என்றுகூட நாங்கள் அளக்கவில்லை. ஆனாலும் பொருளாளர் கால்குலேட்டரை எடுக்கவில்லை. "ஏழாவது மாடி மாமி..." என்று மட்டும் சொன்னார்.

மாமிக்கு 82 வயது. இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து சக்கர நாற்காலிதான். போன வருஷம் நடந்த ஒத்திகையில், லிஃப்டை நிறுத்திவிட்டு நான்கு பையன்கள் மாமியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். கீழே வந்து சேர 14 நிமிஷம் ஆனது. அதுவும் பகலில், புகை இல்லாமல், எல்லோரும் தயாராக இருந்தபோது. 2011 டிசம்பரில் கொல்கத்தாவில் ஒரு மருத்துவமனையில் அடித்தளத்தில் பிடித்த தீயில் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் மூச்சுத் திணறித்தான். தீ அவர்கள் மாடிக்கு வரவே தேவையிருக்கவில்லை.

இங்கேதான் ஒயர் விஷயம் முக்கியமாகிறது. எங்கள் பழைய வயரிங்கில் எல்லா மாடி ஹூட்டருக்கும் ஒரே லைன். அது மின்சார ஷாஃப்ட் வழியாகக் கீழிருந்து மேலே போகிறது. இரண்டாவது மாடியில் ஷாஃப்ட் பக்கத்தில் தீ பிடித்தால் டிடெக்டர் சொல்லும், மணி அடிக்கத் தொடங்கும். ஒன்றிரண்டு நிமிஷத்தில் அங்கே கேபிள் உருகி ஷார்ட் ஆனால் பேனலில் ஃபியூஸ் போகும், ஏழாவது மாடியிலும் மணி நின்றுவிடும். தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்தவர், "சரி, சும்மா அடிச்சிருக்கு" என்று திரும்பப் படுத்துக்கொள்வார். மணி அடிக்காமலே இருப்பதைவிட அடித்து நிற்பது மோசம் என்பது என் அபிப்பிராயம்.

ஆகவே ஹூட்டர் லைனை இரண்டாகப் பிரிக்கச் சொன்னேன். ஒற்றைப்படை மாடிகளுக்கு ஒன்று, மற்ற மாடிகளுக்கு ஒன்று. ஒன்று போனாலும் பக்கத்து மாடிச் சத்தம் காதில் விழும்.

கம்பியின் கனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. காசு குறைக்க ஒருவர் "1 ஸ்கொயர் போதும் சார், என்ன பெரிய லோடு?" என்றார். போட்டுப் பார்த்தோம். ஒரு லைனில் 10 ஹூட்டர், ஒவ்வொன்றும் 80 மில்லி ஆம்பியர், மொத்தம் 0.8 ஆம்பியர். தூரம் 120 மீட்டர், போக வர 240. ஒரு ஸ்கொயர் செம்பில் கிலோமீட்டருக்கு 18.1 ஓம், ஆக 4.3 ஓம், கிட்டத்தட்ட 3.5 வோல்ட் வழியிலேயே போய்விடும். தீ பிடித்தால் முதலில் மெயினை அணைப்பார்கள், அப்புறம் பேட்டரிதான். 24 வோல்ட் பேட்டரி தீரும் நேரத்தில் 21 வோல்ட்டுக்கு வந்திருக்கும். 17.5 தான் மிச்சம். நாங்கள் வாங்கிய ஹூட்டருக்குக் குறைந்தது 18 வேண்டும். ஒன்றரை ஸ்கொயர் போட்டால் இழப்பு 2.3 வோல்ட், கடைசி ஹூட்டருக்கு 18.7 கிடைக்கும். எல்லா ஹூட்டரும் கடைசி முனையில் இருப்பதாக வைத்துப் போட்ட மோசமான கணக்கு இது. இப்படித்தான் போட வேண்டும்.

கடைசியில் ஓர் உடன்பாடு. ஹூட்டர் லைன்கள், ஷாஃப்டில் ஏறும் எல்லா கேபிளும், பேனலுக்கு வரும் மெயின் சப்ளை ஆகியவற்றுக்கு ஃபயர் சர்வைவல், 400 மீட்டர். மாடிகளில் டிடெக்டர்களுக்குப் போகிற கிளைகளுக்கு எஃப்.ஆர்.எல்.எஸ். அவை உருகுவதற்குள் டிடெக்டர் தன் செய்தியைச் சொல்லியிருக்கும், பேனலும் அதைப் பிடித்து வைத்திருக்கும். பிரிட்டிஷ் விதி டிடெக்டர் லைனுக்கும் தீ தாங்கும் கேபிள்தான் கேட்கிறது. முடிந்தவர்கள் அப்படியே போடலாம். எங்களுக்குக் கூடுதல் செலவு வீட்டுக்கு 900 ரூபாய் சொச்சத்தில் நின்றது. அடுத்த கூட்டத்தில் பொருளாளரே எழுந்து இதை ஆதரித்துப் பேசினார், என்னைவிட நன்றாக.

வேலை நடக்கும்போது தினமும் ஒரு நடை போய் நிற்கிறேன். நல்ல கேபிளைக் கொண்டுவந்து பிளாஸ்டிக் கிளிப்பில் மாட்டுவார்கள். கேபிள் பிழைக்கும், கிளிப் உருகும், கேபிள் கீழே விழும். 2010-ல் இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் நகரில் ஓர் அடுக்குமாடித் தீயில் இரண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். பிளாஸ்டிக் பட்டை உருகிக் கேபிள்கள் தொங்கியதில் வீரர்கள் சிக்கிக்கொண்டது விசாரணையில் தெரிந்தது. பிறகு அங்கே வயரிங் விதியையே மாற்றி உலோகப் பிடிப்பு வேண்டும் என்றார்கள். இதைச் சொன்னதும் சூபர்வைசர் தம்பி ஒரு மூட்டை பிளாஸ்டிக் கிளிப்பைத் திருப்பி அனுப்பிவிட்டு ஜி.ஐ. சேடில் வரவழைத்தார். ஜாயின்ட்டுகளுக்குப் பீங்கான் கனெக்டர் கேட்டிருக்கிறேன். ரிச்சி தெருவில் கிடைக்கவில்லையாம், வேறு இடத்தில் தேடுகிறார்.

ஷாஃப்டில் மாடிக்கு மாடி கேபிள் போகிற ஓட்டைகளை அடைக்கிற வேலைதான் பாக்கி. பில்டர் விட்டுப்போன நாளிலிருந்து அவை திறந்தே கிடக்கின்றன. புகை மேலே ஏற அதைவிட நல்ல வழி வேண்டாம். புதன்கிழமை ஆள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.