எலும்பும் கத்தரிக்காயும்

ஞாயிறு முதல் திருப்பலி முடிந்ததும் நம் மக்களுள் பலர் ஆலயத்திலிருந்து நேரே செல்லும் இடம் கறிக்கடை. அதில் குற்றம் காண நாம் முற்படவில்லை. ஆண்டவருடைய நாள் மகிழ்ச்சியின் நாள். வாரமெல்லாம் உழைத்த குடும்பம் அன்று ஒருவேளை கறியுணவு கொள்வது முறையே. ஆனால் ஆட்டிறைச்சி கிலோ ஆயிரம் ரூபாயை நெருங்கிவிட்ட இந்நாளில், அந்த ஒருவேளைக்காகக் கடைக்காரரின் கடன் குறிப்பேட்டில் பெயர் ஏறுவதைக் கேட்கும்போதுதான் மனம் கனக்கிறது.

கடனின்றியும் மணக்க மணக்கக் குழம்பு வைக்க இயலும் என்பதை, வீடு மந்திரிக்கவும் நோயாளிகளுக்கு நன்மை வழங்கவும் செல்லுகையில் பல அடுக்களைகளில் கண்டுள்ளோம். அரைக்கிலோ தனிக்கறி வாங்குமிடத்தில், கால்கிலோ கறியும் அரைக்கிலோ எலும்பும் வாங்குகிறார்கள் விவரம் அறிந்த தாய்மார்கள். எலும்பை முதலில் மஞ்சளும் உப்பும் இட்டு நன்றாக வேகவிட்டு, அதன் சாறு இறங்கிய பின்னரே காயைச் சேர்க்கவேண்டும். முன்பே போட்டால் கத்தரிக்காய் கரைந்து காணாமற்போகும். கோடையில் முருங்கைக்காயும் மாங்காயும், தை மாதத்தில் பச்சை மொச்சையும் அவரையும் என்று அந்தந்தக் காலத்தில் மலிந்து கிடப்பதே குழம்புக்கும் ஏற்றது. கார்த்திகையில் முருங்கைக்காயைத் தேடிப் பொன் விலை கொடுப்பானேன்? நம் இஸ்லாமியச் சகோதரர்கள் எலும்போடு பருப்பும் கத்தரிக்காயும் மாங்காயும் சேர்த்து ஆக்கும் தால்ச்சாவில் சிறிதளவு கறி பலர் பசியை ஆற்றிவிடுகிறது. அரைத்து ஊற்றும் தேங்காயோடு விலையேறிய கசகசாவுக்குப் பதிலாகப் பொட்டுக்கடலை சேர்த்தாலும் குழம்பு கெட்டிப்படும்.

குடல், ஈரல், தலைக்கறி, ஆட்டுக்கால் ஆகியவை தனிக்கறியைவிட மலிவாகக் கிடைக்கும் ஊர்கள் இன்றும் உண்டு. ஈரலிலும் சுவரொட்டியிலும் இரும்புச் சத்து மிகுதி. சோகை பிடித்த பெண்பிள்ளைகளுக்கு நம் பாட்டிமார் சுவரொட்டியைச் சுட்டுக் கொடுத்தது காரணமின்றி அன்று. ஈரலை நெடுநேரம் அடுப்பில் வைத்தால் தோலாகிவிடும். கருவுற்ற தாய்மார் ஈரலை அளவோடு கொள்ளவேண்டும்; யூரிக் அமிலத் தொல்லை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். குடலுக்கோ வேலை அதிகம். உட்புறத்தை வெளியே திருப்பி, வெந்நீரும் உப்பும் மஞ்சளும் இட்டுப் பலமுறை அலசி, முதற்கொதி நீரைக் கொட்டிவிட்டுப் பின்னரே வேகவைக்கவேண்டும். பணம் குறைவதற்கு ஈடாகக் கை உழைப்பு கூடுகிறது. அவ்வுழைப்பு முழுவதையும் தாய் ஒருத்தியின் தலையில் ஏற்றிவிட்டுத் தந்தையும் பிள்ளைகளும் தொலைக்காட்சிமுன் அமர்ந்திருத்தல் நியாயமாகாது.

எனினும் உழைப்பைவிடப் பெருந்தடையாக நிற்பது வெட்கமே. ஒரு வீட்டில் மந்திரிப்பு முடிந்து அமர்ந்திருந்தோம். குடும்பத் தலைவர் மூத்த மகனைக் கோழி வாங்கிவரக் கொல்லைப்புறமாக அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் கையில் காசில்லை என்பது நமக்குத் தெரியும். அதற்குள் கடைக்குட்டி ஓடிவந்து, "சாமி, உள்ளே குடல் குழம்பு இருக்கு!" என்று அறிவித்துவிட்டான். தாயின் முகம் வாடியது. "சாமிக்குப் போய் அதை எப்படிப் போடுவது?" என்றார். "அம்மா, பிள்ளைகள் உண்பதையே நமக்கும் போடுங்கள்" என்று கூறி, இருமுறை கேட்டு வாங்கி உண்டோம். கோழி வாங்கப் புறப்பட்ட மகனும் திரும்பி வந்து பந்தியில் அமர்ந்தான்.

வேறொன்றையும் சொல்லவேண்டியுள்ளது. பதினான்கு வயது நிறைந்தோர் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம் காக்கவேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். கறியை விலக்கிவிட்டு, அதனினும் விலை கூடிய வஞ்சிரத்தை வாங்கி வறுப்போரும் நம்மிடையே உண்டு. சட்டப்படி அதில் பிழையில்லை. தவம் எங்கே என்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது. கடற்கரைப் பங்குகளில் சாளை என்றும் பிற இடங்களில் மத்தி என்றும் வழங்கும் மீன் மலிவானது, சத்தும் மிக்கது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத காலத்தில் மீன் விலை ஏறும். அப்போதுதான் பலாக்கொட்டையும் மாங்காயும் வரத்தாகின்றன. அவற்றோடு சிறிது கருவாடு சேர்ந்தால் வேறென்ன வேண்டும்?

உணவை வீணாக்குதல் ஏழையின் பந்தியிலிருந்து திருடுவதற்கு ஒப்பாகும் என்னும் கருத்தை மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2013 ஜூன் 5 அன்று பொது மறையுரையில் எடுத்துரைத்தார். ஐயாயிரம் பேருக்கு உணவளித்த ஆண்டவரும் எஞ்சிய துண்டுகளைச் சேர்க்கச் சொன்னார் அல்லவா! திருவிழா விருந்துகளில் இலையோடு எறியப்படும் கறித்துண்டுகளைக் காணும்போது, அதே தெருவில் எலும்பு வாங்கவும் தயங்கி நிற்கும் தாய்மார் நம் நினைவுக்கு வருகின்றனர்.

வரும் மந்திரிப்புக் காலத்தில் எந்த வீட்டிலும் நமக்கெனக் கோழி அடிக்க வேண்டாம். முதல்நாள் குழம்பு மிஞ்சியிருந்தால் பழஞ்சோற்றோடு அதுவே போதும்.