நங்கூரம் போட்டால் போதாது, பாய்ச்ச வேண்டும்

படகு வாங்கப் போகிறேன் என்று சொன்னால் எல்லாரும் இன்ஜினைப் பற்றித்தான் கேட்பார்கள். எத்தனை குதிரைத்திறன், எந்தக் கம்பெனி, எவ்வளவு பெட்ரோல் குடிக்கும்? மீன் பிடிக்கிறவர்கள் ஐஸ் பெட்டியின் அளவையும் விசாரிப்பார்கள். நங்கூரம் எப்படி என்று என்னை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. படகோடு சும்மா வரும் சாமான் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆனால் இன்ஜின் நின்று போனால் நம் கையில் மிஞ்சுவது அந்த ஒரு சாமான்தான்.

பணி ஓய்வுக்குப் பிறகு நானும் ஒரு நண்பரும் சேர்ந்து 22 அடி நீள ஃபைபர் படகு ஒன்றைப் பழையதாக வாங்கினோம். பினாங்குத் தீவின் தென்கிழக்கே, பத்து மாவுங் பக்கம் கட்டி வைத்திருக்கிறோம். வார இறுதியில் ஜெரெஜாக் தீவைச் சுற்றித் தூண்டில் போடுவோம். நம் முன்னோர் பலர் கப்பலில் வந்து இறங்கியதும் நோய்த்தடுப்புக்காகத் தங்க வைக்கப்பட்ட தீவு அது. பள்ளி விடுமுறையில் பேரப்பிள்ளைகள் வருவார்கள். சில நாள் என் அண்ணனும் வருவார். அவருக்கு வயது எழுபத்து நான்கு, நீந்தத் தெரியாது.

படகோடு வந்த நங்கூரம் குடைபோல மடங்குகிற நான்கு கை நங்கூரம். எடை மூன்று கிலோ, அதில் நேராகக் கட்டிய மெல்லிய நைலான் கயிறு. துறையில் வலை பின்னிக்கொண்டிருந்த மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது பாறைக்கு. இங்கே அடியில் எல்லாம் லும்பூர்" என்றார். கோலாலம்பூரின் பெயரிலேயே சேறு இருப்பதால் அந்தச் சொல்லை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பாறை இடுக்கில் மாட்டிக்கொள்ளும் அந்த மெல்லிய கைகள், சேற்றில் கூழுக்குள் இழுத்த முள்கரண்டி போல வழுக்கிக்கொண்டு வந்துவிடும். எந்த நங்கூரம் நல்லது என்று கேட்பதற்கு முன்னால், எந்த அடிநிலத்துக்கு என்று கேட்க வேண்டும் என்பதை அந்தப் பாக்சிக் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

கனமாக இருந்தால் போதும், நங்கூரம் படகைப் பிடித்துக்கொள்ளும் என்பது பொதுவான எண்ணம். பத்து கிலோ இரும்பு வெறும் எடையால் ஒரு படகை நிறுத்த முடியாது. கூர்முனை முதலில் நிலத்தைக் குத்த வேண்டும். பிறகு படகு இழுக்க இழுக்க அது உள்ளே புதைய வேண்டும். புதைந்த தகட்டின் மேல் உள்ள மண்தான் படகைப் பிடிக்கிறது. இதைத் தமிழ் முன்பே சொல்லி வைத்திருக்கிறது. 'நங்கூரம் பாய்ச்சுதல்' என்பதுதானே நம் வழக்கு? ஈட்டியைப் பாய்ச்சுவதுபோல, உள்ளே இறங்கினால்தான் அது நங்கூரம்.

எடையைக் குறைத்துப் பிடியைக் கூட்டுவது எப்படி என்று யோசித்தவர்களில் ஒருவர் ஜி. ஐ. டெய்லர் என்ற கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி. முதல் அணுகுண்டு வெடிப்பின் ஆற்றலைப் புகைப்படங்களைக் கொண்டே கணக்கிட்டவர் அவர். நீரில் இறங்கும் விமானங்களுக்குக் கனமான நங்கூரம் ஒத்துவராது என்பதால், 1933இல் கலப்பைக் கொழு வடிவில் ஒன்றை உருவாக்கினார். சி.கியூ.ஆர். என்று அதற்குப் பெயர். வேகமாகச் சொன்னால் 'செக்யூர்' என்று ஒலிக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தரையிறங்கு படகுகளுக்குப் பயன்பட்டது டான்ஃபோர்த். இரண்டு அகலத் தகடுகள் கொண்டது, மணலிலும் சேற்றிலும் நன்றாகப் பிடிக்கும், தட்டையாக மடித்து வைக்கலாம். 1970களில் வடகடல் எண்ணெய் மேடைகளுக்காக வந்த நகம் போன்ற புரூஸ் வடிவமும் பிறகு சிறு படகுகளுக்கு இறங்கி வந்தது. இப்போது பேசப்படுபவை குழிந்த தகடும் மேலே வளைந்த கம்பியும் கொண்ட ரோக்னா போன்ற புது வகைகள். தலைகீழாக விழுந்தாலும் அந்த வளையம் அதைப் புரட்டி நிமிர்த்திவிடும்.

இவற்றில் பினாங்குக்கு எது? பாடாங் கோத்தா லாமா கடற்கரையில் மாலையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? தூரத்தில் நங்கூரமிட்ட கப்பல்கள் எல்லாம் ஒரே பக்கம் முகம் காட்டி நிற்கும். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் அத்தனையும் திரும்பியிருக்கும். சுமார் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏற்றமும் இறக்கமும் மாறுவதால் நீரோட்டம் திசை மாறுகிறது. வடக்கே இழுபட்டுப் புதைந்த நங்கூரத்தைப் பிறகு தெற்கே இழுக்கும். அப்போது அது பிடுங்கிக்கொண்டு வந்தால், தானாகவே மறுபடி குத்தி இறங்க வேண்டும். டான்ஃபோர்த்தின் தகடுகளுக்கிடையே ஒரு கல்லோ சிப்பியோ சிக்கினால் அது மறுபடி இறங்காமல் போகலாம். ஓரிடத்தில் இரண்டு மணி நேரம் மீன் பிடிக்க அது போதும். இரவு தங்க நினைப்பவர்களுக்கு வளையம் வைத்த வகை மேல். எங்கள் படகுக்கு அந்த வகையில் பத்து கிலோ நங்கூரம் வாங்கினோம்.

வாங்கும்போது தகட்டிலோ பெட்டியிலோ தரச்சான்று இருக்கிறதா என்று பாருங்கள். லாய்ட்ஸ் ரெஜிஸ்டர் போன்ற தர அமைப்புகள் பிடிமான ஆற்றலைச் சோதித்துச் சான்று தருகின்றன. 'உயர் பிடிமானம்' என்றால் சாதாரணக் கப்பல் நங்கூரத்தைப் போல் இரண்டு மடங்கு, 'மிக உயர் பிடிமானம்' என்றால் நான்கு மடங்கு. உருவத்தை மட்டும் பார்த்துச் செய்த மலிவுச் சரக்கில் இரும்பு வளையலாம், ஒட்டு விடலாம். நாங்கள் வாங்கிய கடையின் தவுக்கே நல்ல மனிதர். "நங்கூரத்துக்குக் காசு கொடுத்துவிட்டு ஷேக்கிளில் மிச்சம் பிடிக்காதே" என்று சொல்லி, இணைப்பு வளையங்களைத் தாமே எடுத்துத் தந்தார்.

சங்கிலியும் கயிறும் இல்லாவிட்டால் எந்த நங்கூரமும் பயனில்லை. கயிறு மேல்நோக்கி இழுத்தால் நங்கூரம் கிளம்பிவிடும். நிலத்தோடு படிந்து இழுத்தால்தான் புதையும். அதற்காகத்தான் நங்கூரத்தை அடுத்துச் சங்கிலி. எட்டு மில்லிமீட்டர் சங்கிலி பத்து மீட்டருக்கு ஏறத்தாழ 14 கிலோ இருக்கும். அதன் பிறகு வரும் நைலான் கயிறு நீண்டு கொடுத்து அலையின் உதறலைத் தாங்கும். எவ்வளவு நீளம் விடுவது? நீர் இறங்கியிருக்கும்போது ஆழம் 6 மீட்டர், ஏற்றத்தில் கூடுவது 2 மீட்டர், நீர்மட்டத்திலிருந்து படகின் முனை 1 மீட்டர், ஆக 9. இதில் ஐந்து மடங்கு, 45 மீட்டர், சாதாரண நாளைக்கு. காற்று ஏறினால் ஏழு மடங்கு, 63 மீட்டர். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் திடீரென அடிக்கும் 'சுமத்ரா' புயல்காற்றை அறிந்தவர்கள் ஏழுக்குக் குறைக்க மாட்டார்கள்.

போன ஆண்டு ஒரு பிற்பகல். ஜெரெஜாக்கிலிருந்து வடக்கே முதல் பாலத்தின் பக்கம் போயிருந்தோம். படகில் நான், அண்ணன், பேரப்பிள்ளைகள் இருவர். யாரோ வீசிய பழைய வலைத் துண்டு ஒன்று விசிறியில் சுற்றிக்கொண்டு இன்ஜின் நின்றுவிட்டது. நீரோட்டம் எங்களைப் பாலத்தூண்களை நோக்கித் தள்ளியது. தூண்களைச் சுற்றி நீர் நுரைத்துச் சுழல்வது கண்ணுக்குத் தெரிந்தது. ஆழமானி 8 மீட்டர் காட்டியது. நங்கூரத்தை இறக்கி ஐம்பது மீட்டர் விட்டேன். கயிறு முதலில் தளர்ந்து, பிறகு மெல்ல விறைத்தது. படகின் முனை நீரோட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றது. அதுவரை சின்னவனை இறுக்கிப் பிடித்திருந்த அண்ணன், "பிடிச்சிருச்சாடா?" என்றார். கயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். நங்கூரம் அடியில் உழுதுகொண்டு வந்தால் கைக்கு அதிர்வு தெரியும், அதிர்வு இல்லை. பாலத்தூணுக்கும் எங்களுக்கும் இடையே இருநூறு மீட்டர் இருந்திருக்கும். இன்ஜினைத் தூக்கி, கத்தியால் வலையை அறுத்து முடிக்க நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தையும் எங்களுக்குக் கொடுத்தது சேற்றுக்குள் புதைந்திருந்த அந்தப் பத்து கிலோ இரும்பு.

இப்போது யாராவது புதிதாகப் படகு வாங்கினால், காற்றில்லாத ஒரு நாளில் வெறும் நங்கூரத்தைச் சோதிக்கவே கூட்டிப்போகிறேன். கடல் வரைபடத்தில் கேபிளும் குழாயும் போகும் இடங்களை விட்டு விலகி நின்று, நங்கூரத்தை வீசாமல் மெதுவாக இறக்கச் சொல்கிறேன். பிறகு படகை ரிவர்ஸில் முதலில் மெல்ல, அடுத்து நன்றாக அழுத்திப் பின்னுக்கு இழுக்க வேண்டும். கரையில் ஒரு கட்டடத்தையும் அதன் பின்னால் மலையில் ஒரு மரத்தையும் நேர்கோட்டில் வைத்துப் பத்து நிமிடம் பார்க்க வேண்டும். இரண்டும் விலகாமல் நின்றால் நங்கூரம் பாய்ந்திருக்கிறது. விலகினால் எடுத்து மறுபடி இறக்க வேண்டும். கயிற்றின் கடைசி முனை படகில் கட்டியிருக்கிறதா என்பதை அதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.