முள் அசைந்தது!

மோட்டார் சைக்கிள் மீட்டரைப் பழுது பார்ப்பதற்கும் அடுப்பங்கரைப் பெண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே கேட்கிறீர்கள்? முப்பது வருஷமாக நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டுக்காரரிடம் ஒரு ராஜ்தூத் 350 இருக்கிறது. 1983-ல் எஸ்கார்ட்ஸ் கம்பெனியார் ஜப்பானிய யமஹாவின் உரிமம் பெற்று இந்தியாவில் கொண்டுவந்த வண்டி. இரட்டை சிலிண்டர், 347 ஸி.ஸி. பாய்ச்சலில் புலி, பெட்ரோல் குடிப்பதில் சாக்ஷாத் அகஸ்திய முனிவர்! அதனாலேயே பலரும் வாங்கப் பயந்தார்கள். சில வருஷங்களுக்குள் தயாரிப்பும் நின்று போயிற்று. சுற்றியுள்ள தமிழ்நாட்டைவிடக் காரைக்காலில் பெட்ரோல் விலை குறைவு என்பது ஒன்றுதான் எனக்குச் சமாதானம்.

அந்த வண்டியைத் தூசி தட்டக்கூட எனக்கு அனுமதி கிடையாது. "உன் சமையற்கட்டுக்குள்ளே நான் வர்றேனா?" என்று வாயை அடைத்துவிடுவார்.

எங்கள் ஊர் கோட்டுச்சேரிமேடு, கடலை ஒட்டிய மீனவ கிராமம். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி கடல் ஊருக்குள் புகுந்ததே, அன்றைக்கு வண்டி ரிப்பேருக்காகக் காரைக்கால் டவுனில் நின்றுகொண்டிருந்தது. வீட்டில் இருந்ததெல்லாம் போயிற்று. நாங்கள் இருவரும் உயிர் பிழைத்ததே தெய்வச் செயல். ஒரு வாரம் கழித்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியவர், "பழசுன்னு சொல்லிக்க நமக்கு இது ஒண்ணுதாம்மா மிச்சம்" என்றார். அன்றிலிருந்து நானும் பெட்ரோல் கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

போன ஐப்பசியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு நல்லவேளையாகத் திரும்பிவிட்டது. வலது கை மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. தினமும் ரப்பர் பந்தை அமுக்கிப் பழகச் சொன்னார் டாக்டர். பந்து அலமாரியில் கிடந்தது. அவர் திண்ணையில் கிடந்தார்.

ஒரு நாள் காலை, "வண்டியை வித்துடலாம்" என்றார்.

பார்க்க வந்த மெக்கானிக் தம்பி எல்லாம் திருப்தி என்றான். ஆனால் ஹாண்டில்பாரில் உள்ள இரண்டு மீட்டர்களில் ஒன்றைக் காட்டி, "ஆர்.பி.எம். மீட்டர் செத்துப் போச்சு சார். அது இல்லாட்டியும் வண்டி ஓடும். கழட்டிப் போட்டுடுங்க" என்றான்.

"ஆமாம், அசையாத முள்ளை வச்சுக்கிட்டு என்ன பண்றது? கழட்டிப் போட வேண்டியதுதான்" என்றார் இவர். சொல்லும்போது அவர் பார்வை மீட்டர்மேல் இல்லை. மடியில் கிடந்த தம் வலது கைமேல் இருந்தது.

எனக்கு அடிவயிறு கலங்கியது. "வண்டி இப்போ விலைக்கு இல்லே தம்பி" என்று அவனை அனுப்பிவிட்டு, "என்னங்க, அந்த மீட்டர் எதுக்குன்னு எனக்குச் சொல்லுங்க" என்றேன்.

முப்பது வருஷத்தில் நான் கேட்ட முதல் கேள்வி! அவருக்கே ஆச்சரியம். சொன்னார்: வேக மீட்டர் வண்டி எவ்வளவு வேகத்தில் போகிறது என்று காட்டும். மற்றது, எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று காட்டும். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்போது வேக மீட்டரில் சைபர்தான். ஆனால் எஞ்சின் உள்ளுக்குள் என்ன பாடுபடுகிறது என்பதை இந்த இரண்டாவது முள் சொல்லிவிடும்.

"அப்படியானால் நாமே சரி பண்ணுவோம். நீங்க சொல்லுங்க, நான் செய்யறேன்."

மீட்டருக்கு அடியில் ஒரு திருகு மூடி. அதைக் கையாலேயே கழற்றி, எஞ்சினிலிருந்து வரும் கேபிளின் உள்கம்பியை உருவினேன். உப்புக்காற்றில் துருவேறிச் செக்கச் செவேலென்று வந்தது. பெட்ரோல் தோய்ந்த துணியால் துடைத்துக் கிரீஸ் தடவினேன். "மேல் நுனியிலே நாலு விரற்கடை விட்டுடு. இல்லாட்டி கிரீஸ் மீட்டருக்குள்ளே ஏறிடும். மிச்சத்துக்கும் லேசாத்தான்" என்றார். "இட்டிலித் தட்டுக்கு எண்ணெய் தடவுற மாதிரிதானே?" என்றேன். சிரித்தார். அவர் சிரித்து நான்கு மாதமாகியிருந்தது.

பக்கத்து வீட்டுத் தம்பி வந்து கிக்கரை உதைத்தான். எஞ்சின் பிடித்துக்கொண்டது. முள் அசையவில்லை.

"மீட்டருக்குள்ளேதான் கோளாறு" என்றார். கழற்றி, முறத்தில் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வைத்தோம். கண்ணாடியைச் சுற்றி மடித்திருந்த தகட்டு வளையத்தைச் சின்னத் திருப்புளியால் கொஞ்சங் கொஞ்சமாக நிமிர்த்த அரை மணி நேரம் ஆயிற்று.

உள்ளே பார்த்தால், அடேயப்பா! கேபிள் சுற்றும்போது சுழல ஒரு காந்தம். அதன்மேல் கவிழ்த்த மாதிரி ஓர் அலுமினியக் கிண்ணம். இரண்டும் ஒன்றையொன்று தொடவேயில்லை! காந்தம் சுழன்றால் கிண்ணத்துக்குள் மின்சாரச் சுழல் உண்டாகி, கிண்ணமும் கூடவே திரும்பப் பார்க்குமாம். கொசுவத்திச் சுருள் மாதிரி ஒரு மயிரிழை ஸ்பிரிங், "போதும், போதும்" என்று அதைப் பின்னுக்கு இழுக்கும். இரண்டு இழுப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். சுழலும் செப்புத் தட்டு, தொடாமலே காந்த ஊசியை இழுப்பதை 1824-ல் கண்டவர் அராகோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. இந்தச் சங்கதியை வைத்து வேக மீட்டர் செய்து 1902-ல் காப்புரிமை பெற்றவர் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து ஓட்டோ ஷூல்ட்ஸே. "பார்த்தியா, நம்ம காரைக்காலை ஆண்ட பிரெஞ்சுக்காரன் சமாசாரம்!" என்று இவருக்கு ஒரே பெருமை.

காந்தத்தின் தண்டு பழைய கிரீஸில் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. தையல் ஊசியில் பஞ்சைச் சுற்றி, பெட்ரோலில் தோய்த்துச் சுத்தம் செய்தேன். "முள்ளைத் தொடாதே! பிடுங்கினா கணக்கே தப்பிடும்" என்று ஓர் அதட்டல். கடைசியில் தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. தண்டு வழுக்கிக்கொண்டு சுற்றியது.

சாயங்காலம் மீட்டரைப் பூட்டி, வண்டியைக் கொல்லையில் நடு ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் வைத்துத் தம்பி மறுபடி உதைத்தான். முள் ஒரு துள்ளுத் துள்ளி 1-ஐத் தாண்டி நின்றது. ஒன்று என்றால் ஆயிரம் சுற்று.

நான் அவர் வலது கையை எடுத்து ஆக்ஸிலேட்டர் பிடியில் வைத்து, மேலே என் கையையும் வைத்தேன். "திருகுங்க." திருகினார். முள் மெல்ல இரண்டைத் தொட்டது. நான் என் கையை எடுத்துவிட்டேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. முள் இரண்டிலேயே நின்றது.

இப்போதெல்லாம் சாயங்காலம் தவறாமல் ஐந்து நிமிஷம் கொல்லையில் இந்தப் பயிற்சி. டாக்டரிடம் சொன்னபோது, "பிடித்துத் திருகுவது நல்லதுதான், பந்தையும் விடாதீர்கள்" என்றார். வண்டி ஓர் அடிகூட நகருவதில்லை. வேக மீட்டரில் சைபர்தான். ஆனால் போன வாரம் மற்ற முள் மூன்றைத் தாண்டியது. அலமாரிப் பந்தும் தலையணைக்கு அருகே வந்து சேர்ந்துவிட்டது.

பெட்ரோல் செலவா? அகஸ்தியர் குடிக்கட்டுமே. முள் ஏறுகிறதா என்று மட்டும்தான் நான் பார்க்கிறேன்!