சனிக்கிழமைக் குறிப்பேடு

சென்ற மலருக்குச் சண்டிகரில் கிடைக்கும் காய்கறிகளைப் பற்றி எழுதியிருந்தேன். சேனைக்கிழங்கு தேடி நான் அலைந்த கதையைப் படித்துவிட்டு அன்பர்கள் சிலர் சந்தையில் நிறுத்திப் பாராட்டினார்கள். அந்தத் துணிவில், இவ்வாண்டு விஸ்கியைப் பற்றி எழுதட்டுமா என்று மலர்க் குழுச் செயலாளரைக் கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "குடும்பத்தோடு படிக்கும் மலர், பார்த்து எழுதுங்கள்" என்று மட்டும் சொன்னார். பார்த்துத்தான் எழுதுகிறேன்.

நான் பிறந்தது சேலம் மாவட்டம். ராஜாஜி அவர்கள் 1937இல் மதுவிலக்கை முதன்முதலாகக் கொண்டுவந்தது எங்கள் மாவட்டத்தில்தான். அந்த விலக்கு 1971இல் நீங்கியது, 1974இல் திரும்பியது, 1981இல் மறுபடியும் தளர்ந்தது. வரலாறு படித்து பி.ஏ. பட்டம் பெற்றவனாதலால் இவ்வாண்டுகள் எனக்கு மனப்பாடம். ஆனால் இந்த வரலாறு எதுவும் என் தந்தையாரைத் தொட்டதில்லை. கடை திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் அவருக்குச் சாராயம் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது.

அவர் விசைத்தறித் தொழிலாளி. சனிக்கிழமை வாரக்கூலி. கூலி வாங்கிய கையோடு போவார். நான் இரண்டொரு முறை அம்மா அனுப்பி, அவரை அழைத்துவரப் போயிருக்கிறேன். நின்றபடி ஒரே மடக்கில் குடிப்பார். முகம் கோணும். உடனே ஊறுகாயை நாக்கில் தடவிக்கொள்வார். சாராயத்தின் சுவை எப்படியிருக்கும் என்று அவரை யாரேனும் கேட்டிருந்தால் திகைத்துப் போயிருப்பார். சுவை தெரியாமலிருப்பதற்குத்தானே ஊறுகாய்! 1995இல், நான் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய ஆண்டில், அவர் போய்விட்டார். இதற்குமேல் அதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

எனவே நான் முப்பத்தைந்து வயது வரை மதுவைத் தொட்டதில்லை. மத்திய அரசு வேலை கிடைத்து வடக்கே வந்தபின், அலுவலகத்தில் ஒருவரது பணிநிறைவு விருந்தில் வற்புறுத்தலுக்கு இணங்கிச் சோடாவும் பனிக்கட்டியும் கலந்த ஒரு கோப்பையைக் குடித்தேன். குளிர்ச்சியும் எரிச்சலும் தெரிந்தன, வேறொன்றும் தெரியவில்லை. இதற்காகவா அப்பா அத்தனையையும் விட்டார் என்று அன்றிரவு நெடுநேரம் உறக்கம் பிடிக்கவில்லை.

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர் இருக்கிறார், காங்ரா மாவட்டத்துக்காரர். அவருடைய மகன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் துறைமுகக் கடைகளிலிருந்து தகப்பனாருக்கு ஒரு புட்டி வாங்கி வருவான். ஒரு சனிக்கிழமை மாலை மின்கட்டணச் சீட்டு விஷயமாகப் போன என்னை அவர் உட்காரவைத்து, தேநீர்க் கண்ணாடிக் குவளையில் முப்பது மில்லி ஊற்றிக் கொடுத்தார். குடிக்க விடவில்லை. "ஐந்து நிமிடம் முகர்ந்து பாருங்கள், உங்கள் மூக்கு என்ன சொல்கிறது என்று எனக்குச் சொல்லுங்கள்" என்றார். நான் முகர்ந்தேன். அன்னாசிப் பழம் வாசனை வந்தது. அதில் யாரும் அன்னாசியைப் போடவில்லை என்று அவர் சொன்னபோது நம்ப முடியவில்லை. அது கிளென்லிவெட். 1824இல் அரசாங்க உரிமம் பெற்று நடக்கத் தொடங்கிய வடிசாலையில் செய்தது.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் ஏற்பட்டது. சனிக்கிழமை மாலை, ஒரே ஒரு முப்பது மில்லி, சுபேதார் வீட்டுக் கூடத்தில், கதவு திறந்தபடி. என் மனைவிக்குத் தெரியும். எழுத்தர் புத்தி போகுமா? நான் ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டேன். (அலுவலகத்தினுடையது அன்று, பன்னிரண்டாம் பகுதிச் சந்தையில் காசு கொடுத்து வாங்கியது.) தேதி, பெயர், வாசனை, சுவை, தண்ணீர் விட்டபின் மாற்றம் என்று கட்டங்கள் போட்டு எழுதினேன்.

கற்றுக்கொண்டவற்றில் முதலாவது, பணிநிறைவு விருந்தில் நான் குடித்ததற்கும் கிளென்லிவெட்டுக்கும் பெயரளவில்தான் உறவு என்பது. நம் நாட்டில் மலிவாக விற்கும் விஸ்கிகளில் பெரும்பாலானவை சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயத்தில் சிறிது மால்ட் கலந்தவை. ஐரோப்பிய நாடுகளில் கழிவுப்பாகில் செய்ததை விஸ்கி என்று விற்கச் சட்டம் இடம் தராது. அங்கே தானியம் வேண்டும். மால்ட் விஸ்கிக்கு வாற்கோதுமையை நனைத்து முளைவிடச் செய்து, உலர்த்தி, அரைத்து, வெந்நீரில் அதன் இனிப்பை இறக்கிப் புளிக்கவைத்து, செம்பு வாலையில் பெரும்பாலும் இருமுறை வடிக்கிறார்கள். எங்கள் வீட்டில் குழந்தைகளுக்குக் கேழ்வரகை முளைகட்டிக் காயவைப்பார்கள். முதற்பாதி ஏறக்குறைய அதே வேலைதான். வடித்தது தண்ணீர்போல் நிறமற்றிருக்கும். ஸ்காட்லாந்துச் சட்டப்படி குறைந்தது மூன்றாண்டு ஓக் மரப் பீப்பாயில் அந்நாட்டிலேயே கிடக்க வேண்டும். நிறமும் மணமும் பெரும்பகுதி அந்த மரம் தருவது.

அப்பீப்பாய்களின் கதை ஒரு நல்ல சிற்றுண்டிக் கதை போல என்னைக் கவர்ந்தது. அமெரிக்காவின் பூர்பன் விஸ்கிக்குக் குறைந்தது 51 விழுக்காடு மக்காச்சோளம் வேண்டும். உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாய்தான் பயன்படுத்த வேண்டும். ஒருமுறை பயன்பட்ட பீப்பாய் மறுபடி பூர்பனுக்கு ஆகாது. ஆகவே அவை கப்பலேறி ஸ்காட்லாந்துக்கும் நம் நாட்டுக்கும் வந்து இரண்டாம் வாழ்க்கை தொடங்குகின்றன. புதுமரத்தின் வீரியமெல்லாம் முதற்குடித்தனத்தில் போய்விட, மிச்சமிருக்கும் மெல்லிய வெனிலா வாசனையைத்தான் நாம் ஸ்காட்ச்சில் முகர்கிறோம். பூர்பனைப் பற்றி என் குறிப்பேட்டில், "தேங்காய் மிட்டாய், வெனிலா, புது மரப்பெட்டி, சத்தம் அதிகம்" என்றிருக்கிறது. ஐரிஷ் ஜேம்சனுக்கு, "மெல்லியது, ஆப்பிள், சண்டைக்கு வராது." அது முளைகட்டியதும் கட்டாததுமான வாற்கோதுமையைச் சேர்த்து மும்முறை வடிப்பது, ஆகையால் சாதுவாகிவிடுகிறது.

எல்லாவற்றிலும் என்னைத் திணறவைத்தது லஃப்ரோய்க். ஸ்காட்லாந்தின் மேற்கே ஐலா என்றொரு தீவு. அங்கே சதுப்பு நிலத்தில் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பாசியும் புல்லும் மக்கிப் படிந்த 'பீட்' மண்ணை வெட்டிக் காயவைத்து எரித்து, அந்தப் புகையில் முளைத்த வாற்கோதுமையை உலர்த்துகிறார்கள். புகை தானியத்தில் ஏறி, வாலையைக் கடந்து, பீப்பாயில் பத்தாண்டு கிடந்தும் போவதில்லை. "அயோடின். மழையில் நனைந்த அடுப்புக்கரி. கருவாட்டுக் கூடை" என்று முதல்நாள் எழுதியிருக்கிறேன். அருவருப்போடு எழுதியது. மூன்றாம் முறை குடித்தபோது அதே சொற்களை விருப்பத்தோடு எழுதினேன்.

குறிப்பேட்டை எண்ணி வெட்கப்பட்டபோதெல்லாம் எனக்குத் துணையாக வந்தவர் ஜப்பானியரான மசடாகா டகெட்சுரு. 1918இல் ஸ்காட்லாந்து சென்று, வடிசாலைகளில் வேலை பழகி, கண்டதையெல்லாம் குறிப்பேடுகளில் எழுதிக்கொண்டு 1920இல் திரும்பினார். ஜப்பானிய விஸ்கி அந்தக் குறிப்புகளிலிருந்து எழுந்தது. என் குறிப்பேட்டிலிருந்து எதுவும் எழப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

நம் நாட்டு மால்ட்டுகளையும் சொல்ல வேண்டும். பெங்களூரின் அம்ருத் 2004இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலேயே துணிந்து விற்பனைக்கு இறங்கியது. பீப்பாயிலிருந்து ஆவியாகிக் குறைவதை ஸ்காட்லாந்தார் 'தேவதைகளின் பங்கு' என்பர். அங்கே ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடு. பெங்களூரில் பத்துக்கும் மேல். நம் தேவதைகளுக்குத் தாகம் அதிகம். ஆனால் அந்த வெப்பத்தில் மரத்தின் சாரமும் விரைந்து இறங்குவதால், நாலைந்து ஆண்டிலேயே விஸ்கி முதிர்ந்துவிடுகிறது. நாம் டில்லிக்குப் போகும் வழியில் உள்ள கர்னால் மாவட்டத்து இந்திரியில் செய்வது, 2021இல் வெளிவந்த இந்திரி டிரினி. மூவகைப் பீப்பாய்களில் முதிர்வது. "பனங்கற்கண்டு, உலர்திராட்சை, வறுத்த பாதாம்." இதை நான் ஸ்காட்ச் பலவற்றுக்கு மேலாக வைப்பேன். சுபேதார் ஒப்புக்கொள்ளமாட்டார்.

இவ்வளவும் எழுதிவிட்டேன், எழுதத் தயங்கியது ஒன்று பாக்கியிருக்கிறது. கடந்த மார்கழியில், பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் விடுபட்டுப்போன வாரம், சனிக்கிழமை சுபேதார் உள்ளே தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கையில் நானே இரண்டாவது முறை ஊற்றிக்கொண்டேன். பிறகு மூன்றாவது. குறிப்பேட்டைத் திறந்து தேதியை எழுதினேன். எழுத வேறொன்றும் இருக்கவில்லை. நாக்கு மரத்துவிட்டிருந்தது. எந்தப் புட்டி என்றுகூட நினைவில்லை. படியேறி வரும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அப்பா எங்கள் வீட்டு நிலைப்படியைப் பிடிப்பது போலவே பிடித்தேன்.

பங்குனியில் அம்மா ஊரிலிருந்து வந்தார். ஒருநாள் நான் அலுவலகம் விட்டு வந்தபோது, கண்ணாடி போட்டுக்கொண்டு குறிப்பேட்டைப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்கண்ணு, தேனு, பனங்கற்கண்டு, பாதாம்னு மளிகைக் கணக்கு எழுதிவச்சிருக்கியே, இந்த ஊர்ல கருவாடு கூடக் கிடைக்குதா?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன். கள்ளுண்ணாமை அதிகாரத்தில் வள்ளுவர் தாயின் முகத்தைக் குறித்து ஒரு குறள் வைத்திருக்கிறார்; படித்தவர்களுக்குத் தெரியும். அந்த முகத்தை நான் அன்று பார்த்தேன். அம்மா அழவில்லை, திட்டவில்லை. இரவு முழுதும் பேசாமலிருந்துவிட்டு, மறுநாள் காலை, "அதை நான் மோந்து பாக்கணும்" என்றார்.

சுபேதார் பதறிப்போய், மாதாஜிக்கு முதலில் தேநீர் கொடுத்தார். பிறகு நான்கு குவளைகளில் சொட்டுச் சொட்டாக ஊற்றிவைத்தார். அம்மா முந்தானையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்து முகர்ந்தார். லஃப்ரோய்க்கை, "ஆசுபத்திரி" என்றார். இந்திரியை, "கல்யாண வீட்டுச் சமையக்கட்டு" என்றார். கிளென்லிவெட்டை ஒன்றும் சொல்லவில்லை. நான்காவது, சுபேதார் விருந்தினருக்கென்று வைத்திருக்கும் மலிவான நம் நாட்டுச் சரக்கு. குவளை மூக்கருகே வருமுன்பே அம்மா பின்வாங்கினார்.

"இதுலதான் உங்கப்பன் இருக்காரு."

அவர் வேதியியல் படித்தவரல்லர். எங்கள் ஊர்க் கடைச் சாராயமும் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகில் வடித்ததுதான். நான் பல மாதம் குறிப்பெழுதிப் பிரித்தறிந்ததை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார்.

வீடு திரும்பியதும் குறிப்பேட்டை மறுபடி வாங்கிப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. "இதுல தேதி மட்டும் போட்டிருக்கே?" என்று கேட்டார். அதையும் சொன்னேன். பக்கத்தைக் கிழித்துவிடட்டுமா என்றதற்கு, வேண்டாம், இருக்கட்டும் என்றார்.

அம்மா ஊர் திரும்பி எட்டு மாதமாகிறது. சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் கூப்பிடுகிறார். பிள்ளைகளின் படிப்பை விசாரித்துவிட்டு, "இன்னைக்கு என்ன எழுதினே?" என்கிறார். நான் எழுதியதை வாசித்துக் காட்ட வேண்டும். சிலவற்றுக்குச் சிரிக்கிறார், சிலவற்றைத் திரும்ப வாசிக்கச் சொல்கிறார். வாசிப்பதற்குச் சோம்பல்பட்டே சில சனிக்கிழமைகளில் கீழ்த்தளத்துக்குப் போவதில்லை. சுபேதாருக்கு அதில் சற்று வருத்தம்.